அறுத்தவர் பெயர்



அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் பெயரை, அவர் உயிரோடிருந்த காலத்தில் எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாணவர்களுக்கு அவர் ஐயா. பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு வாத்தியார். சேரியில் மாட்டு டாக்டர். இந்த உரையிலும் ஐயா என்றே சொல்லிக்கொள்கிறோம். பெயரைச் சொன்னால் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது.

ஓர் இலக்கிய அமைப்பு எதற்காகக் கால்நடை நோய்க்குறியியல் பேராசிரியர் ஒருவருக்கு நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறது என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் கதை எழுதியதில்லை, கவிதை எழுதியதில்லை. நமது மாதக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் பேசினாலும் பொறுமையாகக் கேட்டு, முடிந்ததும் இரண்டாவது டீ கேட்பார். அவ்வளவுதான். ஆனால் நமது எழுத்தில் செத்த மாடு எத்தனை முறை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ தன்வரலாற்றில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன் மாட்டுத்தோல் உரிக்கப் போக வேண்டியிருக்கிறது. உரித்த தோலைத் தலையில் சுமந்து வரவேண்டியிருக்கிறது. மராத்தியிலும் தமிழிலும் எழுதிய நம்மவர்களிடம் அந்த மாட்டின் வாடை விட்டுப்போனதே இல்லை. நாம் அந்த உடலை அவமானமாக எழுதினோம், பசியாக எழுதினோம், கோபமாக எழுதினோம். அதே உடலைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் வாசித்து, அப்படி வாசிக்கப் பல நூறு பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் நம் நடுவில் இருந்தார். அவரைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த வட ஆற்காட்டில் ஒரு சேரியில் பிறந்தவர் ஐயா. அப்பா தோல் வண்டி ஓட்டியவர். கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது ஊரில் ஒரு பெரியவர், “போயும் போயும் மாட்டுக்குத்தானா?” என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே பிரேதப் பரிசோதனை வகுப்பு எப்படி நடந்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சிமெண்ட் மேடையில் மாடு கிடக்கும். கூடத்து உதவியாளர்கள் இரண்டு பேர் கையுறைகூட இல்லாமல் அறுப்பார்கள். பேராசிரியர் நான்கடி தள்ளி நின்று குச்சியால் காட்டுவார். மாணவர்கள் மூக்கில் கைக்குட்டையோடு குறிப்பெடுப்பார்கள். நோய்க்குறியியலில் முதல் மதிப்பெண் வாங்கியவர் ஒருமுறைகூடக் கத்தியைத் தொடாமல் பட்டம் வாங்கிப் போக முடிந்தது. உடலைத் திறந்தவர் யார், நுரையீரலைக் கிழியாமல் எடுத்தவர் யார் என்பதற்குப் பதிவேட்டில் இடமே கிடையாது. ஊரில் பார்த்ததையே இங்கேயும் பார்த்தேன், கூரைதான் வேறு என்பார். மூளை உழைப்பு, உடல் உழைப்பு என்று சமூகவியல் வகுப்பில் நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்ததை அந்தச் சிமெண்ட் மேடை நான்கடித் தூரத்தில் காட்டிவிட்டது.

தாம் ஆசிரியரானதும் ஐயா அந்த நான்கடியை எடுத்தார். மாடு லாரியில் வந்தால் இறக்குவதிலிருந்து வகுப்பு தொடங்கும். எல்லா மாணவர்களும் கயிறு பிடிக்க வேண்டும். மாட்டை இடப்பக்கம் கீழே இருக்கும்படி கிடத்த வேண்டும். பெருவயிறு இடப்பக்கம் இருப்பதால் அது கீழே போய்விட்டால்தான் மற்ற உறுப்புகளுக்கு வழி கிடைக்கும். குதிரை என்றால் வலப்பக்கம். பகல் வெளிச்சத்தில்தான் அறுக்க வேண்டும். விளக்கொளியில் மஞ்சள் காமாலையின் மஞ்சள் தெரியாமல் போகும். முன்னங்காலை எடுப்பதை அவர் சொல்லித்தர மாட்டார், மூத்த உதவியாளரைக் கூப்பிடுவார். முன்னங்கால் உடம்போடு தசையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது, எலும்பு மூட்டு கிடையாது. தெரிந்த கைக்குக் கத்தி எங்கும் தடுக்காமல் போகும். உதவியாளர் செய்துகாட்ட, மாணவர்கள் ‘அண்ணா, இன்னொரு முறை’ என்று கேட்க வேண்டும். அந்த ‘அண்ணா’ கட்டாயம்.

எதிர்ப்பு வராமலில்லை. கையில் தோல் ஒவ்வாமை என்று மருத்துவச் சான்றிதழோடு ஒரு மாணவர் வந்தார். ஐயா அதை வாங்கிப் படித்துவிட்டு, அப்படியென்றால் குறிப்பேட்டையும் பேனாவையும் கீழே வைத்துவிடு, அறுக்காதவன் எழுதக்கூடாது என்றாராம். ஒவ்வாமை ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இன்னொன்றும் செய்தார். பதிவேட்டில் கையால் கோடு போட்டு ஒரு பத்தியைச் சேர்த்தார். தலைப்பு: ‘உடலைத் திறந்தவர்’. அதில் உதவியாளரின் பெயரும் கையெழுத்தும். அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில் இல்லாததை ஏன் சேர்த்தீர்கள் என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டுமே, அதற்காக என்று பதில் எழுதினார். குமாஸ்தாவின் மொழியிலேயே குமாஸ்தாவுக்குப் பதில். அவருடைய குறும்பு எப்போதும் இப்படித்தான், சத்தம் போடாது.

இலக்கியக்காரர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அவர் வர்ணனை சொல்லிக்கொடுத்த விதம். நோய்க்குறியியலில் முதல் ஒழுக்கம், நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் கண்டதைச் சொல்வது. எந்த இடத்தில், எத்தனை, என்ன அளவு, என்ன நிறம், அழுத்தினால் கெட்டியா மெத்தென்றா, வெட்டினால் உள்ளே எப்படி. எந்த நல்ல ஆசிரியரும் இதைச் சொல்லித்தருவார். ஆனால் ஆங்கிலப் பாடநூலின் உவமைகளைப் பாருங்கள். அடைப்பான் நோயில் வீங்கிய மண்ணீரல் பிளாக்பெர்ரி ஜாம் போல இருக்கும். மாடு விழுங்கிய கம்பி இதயத்தை நோக்கிப் போய்க் குத்தினால், இதயத்தின் மேலுறை ‘ரொட்டியும் வெண்ணெயும்’ போலாகும். வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளை ஒட்டவைத்துப் பிரித்தால் வரும் சொரசொரப்பு அது. இரத்தம் தேங்கிய ஈரல் ஜாதிக்காய். காசநோய்க் கட்டி பாலாடைக்கட்டி. ஐரோப்பியக் காலை உணவு மேசை முழுவதும் செத்த மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஜாமையும் பார்த்ததில்லை, பாலாடைக்கட்டியையும் பார்த்ததில்லை. பார்க்காததை மனப்பாடம் செய்து பார்க்காமலே எழுதினார்கள்.

ஐயா உவமைகளை நம் வீட்டிலிருந்து எடுத்தார். ஜாதிக்காய்க்குப் பதில் குறுக்கே வெட்டிய கொட்டைப் பாக்கு. ரொட்டிக்குப் பதில் இட்லித் துணி: வெந்த இட்லியிலிருந்து துணியை உரித்தால் மாவு ஒட்டிக்கொண்டு சொரசொரவென்று நிற்குமே, அது. அடைப்பான் மண்ணீரலுக்கு இளகிய வெல்லப்பாகு. ‘மண்ணீரல்’ என்ற சொல்லையும் அவர் முதலில் சொல்ல மாட்டார். ‘சுவரொட்டி’ என்பார். கறிக்கடையில் வாங்கித் தின்றவர்களுக்கு அது உடனே தெரியும். பிறகுதான் மண்ணீரல், பிறகு ஸ்பிளீன்.

ஒருநாள் வகுப்பில், நோயில்லாத ஈரல் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. இன்று நம் பேரவையில் இருக்கும் தோழி அப்போது அங்கே மூன்றாமாண்டு மாணவி. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டில் மாட்டு ஈரல் கழுவி நறுக்கியவர். பதில் தெரியும், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே என்ற பயத்தில் தலையைக் குனிந்துகொண்டார். ஐயாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். “வீட்டில் ஈரல் சமைக்கிறவர்கள் மட்டும் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு இது கஷ்டமான கேள்வி” என்றாராம். தோழி எழுந்து, ஓரம் கத்தி மாதிரிக் கூர்மையாக இருக்கும் என்றார். வீங்கிய ஈரலுக்கு ஓரம் மழுங்கி உருண்டிருக்கும். பாடநூலிலும் அதுதான் இருக்கிறது. பூச்சி விழுந்த ஈரலை எங்கள் அம்மா தூக்கிப் போட்டுவிடுவார், அதில் குழாய் தடித்து வெட்டும்போது கரகரக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். தட்டைப்புழு தாக்கிய பித்தநாளத்தை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அந்த வகுப்பில் யாருடைய வீடு எது என்பது அன்றைக்கு வேறு மாதிரித் தெரிந்தது என்கிறார் தோழி.

இனி, நமக்குள் தீராமல் கிடக்கும் விவாதத்துக்கு வருகிறோம். 1927 மார்ச்சில் மகாடில் நடந்த மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடும்படி பாபாசாகேப் கேட்டார். அந்த வேலையை உதறுவது தலித் விடுதலையின் முதல் அடிகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. 2016இல் குஜராத்தின் ஊனாவில் தோல் உரித்த நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, சுரேந்திரநகரில் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். உங்கள் மாடு, நீங்களே எடுங்கள். இதற்கு மேல் ஒரு விளக்கம் தேவையில்லை. அப்படியிருக்க, தாத்தா கீழே போட்ட கத்தியைப் பேரனிடம் திரும்பக் கொடுக்கிறாரே ஐயா, இது என்ன முன்னேற்றம் என்று நம் இளைய தோழர்கள் அவரிடமே கேட்டார்கள். கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. தாத்தாவிடம் இருந்த கத்தியோடு கூலி இல்லை, கையுறை இல்லை, மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லை, கையெழுத்து இல்லை என்றார். அந்த நான்கும் இருந்தால் அது வேலை, இல்லாவிட்டால் அது சாதி. எவனுக்கு அது விதிக்கப்படவில்லையோ அவனும் குனிந்து அறுக்கும் வரை என் வகுப்பு முடியாது என்றார். இதில் பெரும்பகுதியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். முழுவதையும் ஏற்க முடியவில்லை. கல்லூரிக் கூடத்துக்குள் அவர் கொண்டுவந்த ஒழுங்கு கூடத்தின் வாசலோடு நின்றுவிட்டது. அதே வளாகத்தில் கழிவறை கழுவியவர்களுக்குக் கையுறை வரவில்லை. அவர்களைச் சங்கமாகத் திரட்ட நாங்கள் கூப்பிட்டபோது, என் துறை அது இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அவரை வணங்கும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஊருக்குள் அவர் செய்த ஒரு காரியத்தில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. அடைப்பான் நோயில் மாடு நோய்வாய்ப்பட்டுக் கிடக்காமலே திடீரென்று செத்து விழும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வழியும். உடல் சரியாக விறைக்காது. அந்த உடலை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் போதும். திறக்காத உடலுக்குள் அழுகலே அந்தக் கிருமியைக் கொன்றுவிடும். திறந்தால் காற்றுப் பட்டு அது விதைபோல ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். ஆறடிக் குழி, சுண்ணாம்பு, புதைப்பு. நோய்க்குறியியல் ஆசிரியர் மாணவனுக்குச் சொல்லித்தரும் மிக முக்கியமான அறுவை, அறுக்காமல் விடுவது.

மாணவனுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் மருத்துவர் வந்து சேர்வதற்கு முன் அந்த மாட்டைத் தொடுகிறவர் யார்? ஊர்க்காரர் ஆள் அனுப்புவது சேரிக்குத்தான். உரித்தவர் கையில் முதலில் ஒரு கொப்புளம், பிறகு நடுவில் கரியாய்க் கறுத்த புண். வலிக்காது, அதனால் காட்டவும் மாட்டார்கள். ஐயா விடுமுறை நாட்களில் சேரி சேரியாகப் போய் உட்கார்ந்து இதைப் பேசினார். மாணவர்களையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரியவர் கேட்டது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது: தோலை உரிக்காதே, கறியைத் தொடாதே, ஆறடிக் குழியையும் நீயே வெட்டு என்கிறாய், குழிக்குக் கூலி யார் தருவது? ஐயாவிடம் அன்று பதில் இல்லை. பிறகு அவர் பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொரு இடத்திலும், புதைக்கும் கூலியை மாட்டின் சொந்தக்காரர் கொடுத்த பிறகே அறிக்கையில் கையெழுத்துப் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். விதியில் அப்படி ஒன்று கிடையாது. யாரும் அவரை எதிர்த்துக் கேட்டதாகவும் தெரியவில்லை.

மாட்டின் சாவுக்குக் காரணம் சொல்லத் தெரியாத காலத்தில் பழி யார் மேல் விழுந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1850களிலிருந்து வட இந்தியாவில் மாடுகள் கும்பலாகச் செத்தபோதெல்லாம், தோலுக்கு ஆசைப்பட்டுச் சமார்கள் பாஷாணம் வைத்தார்கள் என்று நிலவுடைமையாளரும் போலீசும் குற்றம் சாட்டினார்கள். அப்புறப்படுத்தும் கடமைக்கு ஈடாகத் தோல் அவர்களுக்கு என்பது பழைய வழக்கம். தோலுக்குச் சந்தை விலை ஏறியதும் அந்த வழக்கமே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. அந்தக் காலம் முழுக்க வெக்கை நோய் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொள்ளைநோய்களை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1871இல் வந்தது. வெக்கையில் பெருங்குடலின் உள்மடிப்புகளில் வரிக்குதிரைக் கோடு போல இரத்தக் கோடுகள் ஓடும். குடலைத் திறந்து பார்த்தால் ஒரு குற்றச்சாட்டு பொய்யாகும். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தென்பட்டது 1995இல், நம் வட ஆற்காட்டில். அப்போது அந்த மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் அது. பழிதான் ஒழியவில்லை.

2002 அக்டோபர் 15. ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம், துலீனா காவல் சாவடி. பசுவைக் கொன்றார்கள் என்று சொல்லி ஐந்து தலித்துகளைக் கும்பல் அடித்தே கொன்றது. அந்தப் பசுவின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. செய்தி வந்த வாரம் ஐயா வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இதை எடுத்துக்கொண்டார். உயிரோடிருக்கும்போது விழுந்த வெட்டில் விளிம்புத் திசுக்களுக்குள் இரத்தம் ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது. செத்த பின் விழுந்த வெட்டில் விளிம்பு வெளிறி நிற்கும். விறைப்பு, வயிற்று உப்பல், கண்விழியின் மங்கல் இவற்றைக் கொண்டு செத்து எவ்வளவு நேரம் என்று ஓரளவு சொல்லலாம். நம் ஊர் வெயிலில் அசைபோடும் மிருகத்தின் வயிறு சீக்கிரம் உப்பும் என்பதால் அவசரப்படக் கூடாது. உன் அறிக்கையை ஒருநாள் ஒரு கும்பல் படிக்கும், ஒரு நீதிபதியும் படிப்பார், இருவருக்கும் ஒரே வாக்கியத்தை எழுது என்றார்.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது நல்ல பாடம் மட்டுமே. ஒரு மாணவர், பசு முன்பே செத்திருந்தது என்று நிரூபித்தால் அந்த ஐந்து பேரும் நிரபராதிகள் ஆகிவிடுவார்கள் அல்லவா என்று கேட்டிருக்கிறார். ஐயா வெகுநேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, பசு உயிரோடிருந்ததாக நீ அறிக்கை எழுதினால் அவர்களைக் கொன்றது சரியாகிவிடுமா என்று திருப்பிக் கேட்டார். மாட்டின் உடல் அதற்குப் பதில் சொல்லாது, அதனிடம் அதைக் கேட்காதே என்றார். நம் அமைப்பில் மாட்டுக்கறி, பசுப் பாதுகாப்பு பற்றி எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறோம். இந்தக் கேள்வி அளவுக்கு எங்களைத் தூங்கவிடாமல் செய்தது எதுவுமில்லை.

எல்லாப் பரிசோதனையும் இவ்வளவு பெரிய விஷயத்துக்காக நடப்பதில்லை. தாட்கோ கடனில் வாங்கிய ஒரே கறவை மாடு செத்துப்போன பெண்ணுக்கு, காதுவில்லையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது. ஜீப்பை விட்டு இறங்காமல் மரத்தடியிலேயே எழுதப்படும் சான்றுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அப்படி எழுதியதில் ஒரு சொல் பிசகினால் கடன் அந்தப் பெண்ணின் தலையில். ஐயாவிடம் படித்தவர்கள் இறங்குவார்கள். முழங்கால் சேற்றில் மண்டியிட்டுத் திறந்து பார்த்து, நுரையீரலிலும் ஈரலிலும் அரை சென்டிமீட்டர் தடிமனில் துண்டு எடுத்து, பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். தடிமனாக எடுத்தால் நடுப்பகுதி அழுகிவிடும் என்பதை அவர் எத்தனை முறை கத்தியிருப்பார்! அவர்களில் பலர் நம் அமைப்பின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள். பலர் ஆதிக்க சாதிகளில் பிறந்தவர்கள். அவர்கள் சேற்றில் இறங்குவது அவர் விட்டுப்போன வேலையின் ஒரு பகுதி.

ஐயா புத்தகம் எழுதவில்லை. எவ்வளவோ கெஞ்சினோம், இன்னும் பார்க்கவேண்டியது இருக்கிறது என்று தள்ளிப்போட்டார். இது எங்களுக்கு வருத்தம்தான். அவர் வைத்திருந்தது ஒரு நீளக் குறிப்பேடு. இடப்பக்கம் ஆங்கிலப் பாடநூல் சொல், வலப்பக்கம் உதவியாளர்களிடமும் கறிக்கடைகளிலும் சேரிப் பெண்களிடமும் கேட்டு எழுதிய சொல், கீழே எந்த மாட்டில் எந்த நாளில் பார்த்தது என்ற விவரம். பென்சில் எழுத்து, சில பக்கங்களில் ஃபார்மலின் கறை. குடும்பத்தாரின் அனுமதியோடு அதை அப்படியே அச்சிட்டிருக்கிறோம். சில சொற்கள் கொச்சை, நீக்கிவிடலாம் என்று ஒரு தோழர் சொன்னார். நீக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பின் அந்தக் கூடத்துக்குப் புதிய அச்சுப் பதிவேடு வந்தது. அதில் ‘உடலைத் திறந்தவர்’ பத்தி இல்லை. இப்போது அங்கே அறுப்பவர்கள் ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குகிறார்கள். பத்தியைத் திரும்பச் சேர்க்கவும் அவர்களைப் பணி நிரந்தரம் செய்யவும் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, மறுபடி கொடுப்போம். மாவட்டங்களில் வேலை பார்க்கும் ஐயாவின் மாணவர்கள் சிலர் தங்கள் பதிவேட்டில் இன்றும் கையால் கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில், அவரோடு வேலை செய்த உதவியாளர்கள் அனைவரின் பெயரும், சேர்ந்த ஆண்டும், யாரிடம் எந்தச் சொல்லைக் கற்றார் என்பதும் இருக்கிறது. அச்சில் அதை முதலில் வைத்திருக்கிறோம். அவர்களில் இரண்டு பேர் இங்கே வந்திருக்கிறார்கள். இருவரும் இப்போது மேடைக்கு வந்து முதல் படியை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.